உள்ளேன் டீச்சர்

மதுரை

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் என்று தெரியும். பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் டீச்சர் குரலுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்குள் குழந்தையின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, என் தாத்தா பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை அதில் போட்டால் என்ன என்று கேட்டாய். டல்லாஸில் உனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் அப்படித்தான் போட்டிருக்கின்றன, அது நம் அடையாளம்தானே என்றாய். இங்கே என்றால் பெயரே இல்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு 15 வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். உன் நாட்டில் எல்லாமே அவசரம்.

1984 முதல் 2018 வரை, 34 வருடம் தினமும் காலையில் பெயர் வாசித்தவள் நான். பதிவேட்டைப் பார்த்தாலே அந்தப் பிள்ளைகள் பிறந்தபோது ஊரில் என்ன காற்று அடித்தது என்று தெரிந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் வகுப்புக்கு நாலு தமிழ்ச்செல்வி, மூன்று அன்பழகன், எப்படியும் ஒரு லெனின். தலைவர்களே பெயர் மாற்றிக்கொண்ட காலம் அவர்களுடைய அப்பாக்களின் காலம். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம் மெல்ல மெல்ல 'ஷ்' வந்தது. ஹரிஷ், தினேஷ், ரமேஷ் என்று நான் ஓய்வு பெறும்போது வகுப்பறையே பிரஷர் குக்கர் மாதிரி இருந்தது. எண்கணிதக்காரர் சொன்னார் என்று இங்கிலீஷில் கூடுதலாக ஒரு எழுத்தும் சேர்த்துக்கொண்டு வருவார்கள். சர்டிபிகேட் எழுதுகிற எனக்குத்தான் கை வலிக்கும்.

இதற்கெல்லாம் சிரிக்கலாம். சிரிக்க முடியாத பெயர்களும் உண்டு. குப்பம்மாள், பிச்சை என்றால் அந்த வீட்டில் முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்று அர்த்தம். பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, தவிடு கொடுத்து வாங்கியதாகச் சொல்லி, எமனுக்கே பிடிக்காத பெயராக வைப்பார்கள். அதிலாவது பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. போதும்பொண்ணு என்ற பெயரில் அதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் அது சர்வசாதாரணம். திருத்தணிப் பக்கம் 'வேண்டாம்' என்றே வைப்பார்கள். பெண் போதும், அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று பிள்ளையின் நெற்றியில் எழுதி ஒட்டுகிற பெயர்.

அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் நான் அந்தப் பிள்ளையைக் கவனிப்பேன். மற்றவர்கள் "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவார்கள். இவள் பாதி எழுந்து, 'உள்ளேன்' மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கூச்ச சுபாவம் என்று முதலில் நினைத்தேன். மூன்று நாலு வருடத்தில் அதே பெயரோடு வந்த வேறு இரண்டு பேரும் அப்படியே பாதி எழுந்தபோதுதான், இது சுபாவம் இல்லை, கற்றுக்கொடுத்தது என்று புரிந்தது.

ஒருத்தியிடம், பிளஸ் டூ முடித்ததும், "அரசிதழில் விளம்பரம் கொடுத்துப் பேரை மாத்திடலாம், செலவு என்னோடது" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவள் வரவேயில்லை. பத்து வருடம் கழித்து உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஊசி போட வந்த நர்ஸ் அவள்தான். சட்டையில் பெயர் அட்டை, அதில் அதே பெயர். "ஏண்டி மாத்தல?" என்றேன். "எனக்கப்புறம் தம்பி பொறந்தான்ல டீச்சர். நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு எங்க ஆத்தா ஊரெல்லாம் சொல்லும். அதை எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள். வார்டே திரும்பிப் பார்க்கிற குரல் வந்திருந்தது அவளுக்கு. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

சரி, பட்டத்துக்கு வருகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தபோது, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் பெயரில் இருந்ததை அதற்கு முன்பே எடுத்துவிட்டார். அந்தத் தீர்மானம் நம் வீட்டுக்கு நடந்து வந்து சேர 30 வருடம் ஆனது. உன் பெரிய மாமாவைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் வழக்கம்போல் பட்டத்தைச் சேர்த்து எழுதப் போக, என் அப்பா "பேரை மட்டும் எழுதுங்க" என்றாராம். தாத்தா மூன்று மாதம் அப்பாவோடு பேசவில்லை. நீ 'அடையாளம்' என்று சொல்வது என் அப்பா வீட்டுச் சண்டையோடு அறுத்த வால்.

அதை அறுத்ததும் நாம் சுத்தமாகிவிட்டோம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பெயரில் இல்லாததை ஊர் வேறு வழியில் கேட்கும். "எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு? குலதெய்வம் எது?" மூன்றே கேள்வி. டல்லாஸில் பொங்கல் விழாவில் ஒரு அம்மா உன்னிடம் குலதெய்வம் கேட்டதாகச் சொன்னாயே, அது பக்தியில் கேட்டது என்றா நினைத்தாய்? இவ்வளவு பேசுகிற நான், உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெரியப்பாக்கள் பெயருக்குப் பின்னால் அந்த வால் திரும்ப முளைத்தபோது வாயைத் திறக்கவில்லை. புரூஃப் என் கைக்கு வந்தது. பேனாவும் கையில் இருந்தது. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்திருப்பார்?

கையெழுத்து என்றதும் இன்னொன்று. கல்யாணமான பிறகு என் இனிஷியல் 'ரா'விலிருந்து 'ஆ' ஆனது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து பேங்கில் என் காசோலை திரும்பி வந்தது. என்னை அறியாமல் கை பழைய எழுத்தையே போட்டிருந்தது. அப்போது அவமானமாக இருந்தது. இப்போது அந்தக் கையை நினைத்தால் பிடித்திருக்கிறது.

உன் முதல் விசாவில் முன்பெயர் தெரியவில்லை என்று 'எஃப்.என்.யு.' போட்டு அனுப்பினார்கள், நீ ஒரு வாரம் அழுதாய். பாஸ்போர்ட்டைத் திருத்தி அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்த பிறகு ஆபீஸில் எல்லோரும் உன்னை 'மிஸ் ஆறுமுகம்' என்று கூப்பிடுகிறார்கள். நீ அதைக் கேலியாகச் சொல்வாய். அவர் போன பிறகு நான் அதைக் கேலியாகக் கேட்டதில்லை. இங்கே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அங்கே தினமும் யாரோ கூப்பிடுகிறார்கள், நீ திரும்பிப் பார்க்கிறாய்.

அதனால் அந்தக் கட்டத்தில் பட்டம் மட்டும் வேண்டாம். மாப்பிள்ளையின் பெயரைப் போடு. இல்லை, உன் பெயரைப் போடு. இங்கே பள்ளியில் அம்மா இனிஷியலோடு சேர்ந்த பிள்ளைகளுக்கு நானே பதிவேடு எழுதியிருக்கிறேன். கயல்விழியை அவர்கள் எப்படிக் கொன்று உச்சரிப்பார்கள் என்பது அவர்கள் பாடு.

முடிவு செய்ததும் பெயரை எனக்கு முதலில் அனுப்பு. 34 வருடப் பழக்கம், பதிவேடு வாசிக்கிற மாதிரி ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

அம்மா