அப்பா இறந்ததை உடனே நம்பினீர்கள். அம்மா அவர் மனைவி என்பதை?

எங்கள் அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கோப்பை வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழைய கதை எல்லாம் கோப்பிலேயே இருக்கிறது. போன வாரம் வந்த உங்கள் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பட்டாளத்தில் இருந்த அப்பா இறந்த பிறகு, குடும்ப ஓய்வூதியம் கேட்டு அம்மா கொடுத்த மனுவை 'திருமணப் பதிவுச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை' என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

அப்பா அம்மா கல்யாணம் 1969 இல், வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஒரு கிராமத்தில் நடந்தது. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2009 இல்தான். நாற்பது வருடம் கழித்து வரப்போகும் சட்டத்தை நினைத்து, லீவில் வந்த சிப்பாய் தாலி கட்டிய கையோடு பதிவாளரைத் தேடிப் போயிருக்க வேண்டும் போலிருக்கிறது.

பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மா பெயரும் கல்யாணத் தேதியும் ராணுவ முத்திரையோடு இருக்கின்றன. நகல் உங்களிடம் உண்டு. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், அவர் மதராஸ் ரெஜிமென்டில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்த படையில் இருந்தார். அன்று அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் தந்தி யார் பெயருக்கு வந்திருக்கும்? அம்மா பெயருக்குத்தானே? சாவுச் செய்தி அனுப்ப அன்று போதுமாக இருந்த அதே பதிவு, ஓய்வூதியம் அனுப்ப இன்று போதவில்லையா?

அப்பா போரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பசந்தர் என்று கேட்டால் குளிரைப் பற்றித்தான் சொல்வார். ஆற்றங்கரையில் இருந்த கண்ணிவெடிகளைப் பற்றி அம்மாவிடமே வாய் திறக்கவில்லை. ஹவில்தாராக ஊர் திரும்பிய பிறகு இரவுக் காவல் வேலை பார்த்து எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். காலையில் வந்ததும் தூங்கப் போக மாட்டார். எங்கள் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுவிட்டுத்தான் படுப்பார். மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும் ஊரிலுள்ள பட்டாளத்தார் வீட்டு விதவைகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கான வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போவார். கைரேகை விழாத கிழவிகளுக்காகக் கவுன்டரில் நின்று வாதாடுவார். உங்கள் படிவங்களைத் தப்பில்லாமல் நிரப்பத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் அவர்தான். அவர் மனைவியின் படிவம்தான் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

அவர் இறந்த தகவலை நாங்களே முறையாகக் கொடுத்தோம். ஓய்வூதியம் உடனே நின்றது. அவர் இறந்த பிறகு வரவான தொகையையும் பைசா பாக்கியில்லாமல் பிடித்துக்கொண்டீர்கள். இவ்வளவு சுறுசுறுப்பான அலுவலகத்தில் கொடுக்கிற வேலைக்கு மட்டும் ஏன் ஆள் இல்லை?

குடும்ப ஓய்வூதியத்தின் குறைந்தபட்ச அடிப்படைத் தொகை மாதம் 9,000 ரூபாய்; அதோடு அகவிலைப்படி. நாங்கள் பணம் கொடுக்காமல் இல்லை. அம்மா வாங்க மாட்டேன் என்கிறார். "அவர் காசு வரட்டும், அதுவரைக்கும் கடனா எழுதி வை" என்று சொல்லி, என்னிடம் வாங்குவதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். அவருக்கு வயது 75. அவருடைய ஓய்வூதியத்தைத் தொடங்குங்கள்.

டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள் வந்தால் சட்டையில் கொடி குத்துகிறார்கள், மேடையில் வீரவணக்கம் சொல்கிறார்கள். சரி, சொல்லட்டும். மறுநாள் அதே பட்டாளத்தான் மனைவி கவுன்டரில் நின்றால் "நாளைக்கு வாம்மா." ஊரில் இன்னும் நான்கு வீடுகளில் இதே கதைதான். அவர்களுக்குக் கடிதம் எழுத ஆள்கூட இல்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: டிஸ்சார்ஜ் புத்தகப் பதிவையே திருமணச் சான்றாக ஏற்று, நிலுவையோடு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தைத் தயவுசெய்து தொடங்குங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் அம்மாவின் கைபேசி எண் மனுவிலேயே இருக்கிறது, கூப்பிடுங்கள். காது கொஞ்சம் மந்தம். சத்தமாகப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
மூத்த மகள்