சதுரங்க நெல்மணிக் கணக்கு: இருபது இலக்கமும் சரியாக வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சிறுவர் பகுதியில் வந்த சதுரங்க நெல்மணிக் கணக்கு பற்றி எழுதுகிறோம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என 64 கட்டமும் இரட்டித்தால் மொத்தம் 18446744073709551615, அதாவது 2இன் 64ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. நம் வழக்கப்படி கமா போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. செஸ் ஒலிம்பியாடுக்காக 2022இல் நேப்பியர் பாலத்துக்கே சதுரங்கக் கட்டம் தீட்டிய சென்னை இது. இங்கேயும் இந்த விடை 18446744073709600000 என்றோ 18446744073709552000 என்றோ அச்சேறிவிடுகிறது. இரண்டும் தவறு.

முதலாவது எக்செல் தரும் விடை. அது 15 இலக்கம் வரைதான் காட்டும். மீதியைப் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிடும். இரண்டாவது இணையக் கால்குலேட்டர்கள் பலவற்றில் வருவது. அவை எண்ணைச் சேமிக்கும் முறையில் 9007199254740992ஐத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்துக் காட்ட இடம் போதாது. 2இன் 64ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் பழைய எண்ணே திரும்ப வரும்.

கையால் போடுவது சிரமமில்லை. 2இன் 32ஆம் அடுக்கு 4294967296. இதன் வர்க்கமே 2இன் 64ஆம் அடுக்கு. வர்க்கம் காண அதை 42949, 67296 என இரண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் துண்டின் வர்க்கம் 1844616601. இதன் பின்னால் பத்து பூஜ்ஜியம். இரண்டு துண்டுகளின் பெருக்கற்பலனை இரட்டித்தால் 5780591808. இதற்கு ஐந்து பூஜ்ஜியம். இரண்டாம் துண்டின் வர்க்கம் 4528751616, இது அப்படியே. மூன்றையும் கூட்டி, மறக்காமல் ஒன்றைக் கழிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த ஒன்றில்தான்.

அச்சுக்கு முன் சரிபார்க்க முதலில் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம். 2இன் 64ஆம் அடுக்கு என்பது 4இன் 32ஆம் அடுக்குதான். 4இன் எந்த அடுக்கை 3ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே நம் விடை 3ஆல் மீதியின்றி வகுபட்டாக வேண்டும். சரியான விடையின் கூட்டு 87, வகுபடுகிறது. தவறான இரண்டின் கூட்டு 70, 76, அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ஆனால் அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டும்: 62 கழித்தல் 25, அதாவது 37. 11ஆல் வகுத்தால் மீதி 4 வர வேண்டும், வருகிறது.

எண்ணின் உண்மையான அழகு அதன் காரணிகளில் இருக்கிறது: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழும் வெவ்வேறு பகா எண்கள். எனவே வகுத்திகள், அதாவது இதை மீதியின்றி வகுக்கும் எண்கள், மொத்தம் 128. இவற்றில் 641ஐயும் 6700417ஐயும் பெருக்கினால் 4294967297, அதாவது 2இன் 32ஆம் அடுக்குடன் ஒன்று. இதைப் பகா எண் என்றே கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் உடைத்துக் காட்டினார். பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும் காரணம் உண்டு: 641 என்பது 5×128+1, அதுவே 625+16. ஆகவே 641ஆல் வகுக்கையில் 5×128க்கு மீதி −1. அதன் நான்காம் அடுக்கான 625×(2இன் 28ஆம் அடுக்கு) என்பதற்கு மீதி 1. 625க்குப் பதில் −16 போட்டால், 2இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்று கூட்டினால் மீதியே இல்லை.

சிறுவர் பகுதியில் இந்தக் கணக்கு மீண்டும் வரும்போது இருபது இலக்கத்தையும் போடுங்கள். பத்தியின் அகலம் போதாமல் எண் உடைந்தால், கமாவுக்குப் பிறகு மட்டும் உடையும்படி பக்கம் அமைப்பவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
திருவல்லிக்கேணி, சென்னை.