மருத்துவர் கிறீன் பிறந்த மண்ணில் வரலாற்றுப் பலகை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் பூங்காவை ஒட்டிய வீதியோரத்தில், யாழ்ப்பாணத்தில் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களுக்கு வரலாற்றுப் பலகை நிறுவும் பணிக்கு இன்னும் 2,850 டொலர் குறைகிறது. பலகையை வார்க்கும் ஆலை தந்த விலை ஆகஸ்ட் 15 வரை மட்டுமே செல்லும். அவரது பிறந்தநாளான அக்டோபர் 10 அன்று பலகையைத் திறந்துவைக்கத் தவறினால், குளிரில் நிலம் இறுகிவிடும். அடித்தளமிட அடுத்த இளவேனில் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இம்மாநிலத்தில் பயணம் செய்தவர்கள் 1930இல் மசாசுசெட்ஸ் குடியேற்றத்தின் 300ஆம் ஆண்டையொட்டி நடப்பட்ட வார்ப்பிரும்புப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். முதற்குடியேறிகளின் வீடுகள், போர்கள், பழைய பாதைகள் பற்றியெல்லாம் அவை வழிப்போக்கருக்குச் சொல்கின்றன. வூஸ்டரில் பிறந்து யாழ்ப்பாணத்திற்கு உயிர் கொடுத்த ஒருவரைப் பற்றியும் அவ்வாறே ஒரு பலகை சொல்ல வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

1822இல் கிறீன் ஹில் பண்ணையில் பிறந்த அவர், நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் அமெரிக்க மிசன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கவும் நம் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி எழுந்தது 1870இல் என்பதை நினைத்துப் பார்த்தால், மானிப்பாய் அதற்கு 22 ஆண்டுகள் முந்தியது என்று எங்கள் மூத்தோர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதன் காரணம் விளங்கும். இடையில் சில ஆண்டுகள் தாயகத்தில் இருந்துவிட்டு 1862இல் திரும்பி வந்தபின், நம் பிள்ளைகள் தம் மொழியிலேயே மருத்துவம் கற்க வேண்டும் எனப் பிடிவாதமாக நின்றார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ (உடற்கூற்றியல்), ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ (வேதியியல்) ஆகிய நூல்கள் அந்தப் பிடிவாதத்தின் பயன். அவரிடம் பயின்று வெளியேறியோர் 60 பேருக்கும் மேல். மருத்துவத் தமிழ் பற்றி இன்று மேடைகளில் பேசுவோரில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்பது எங்களுக்கு வருத்தமே.

1873இல் உடல் நலிந்து ஊர் திரும்பிய பின்பும் மொழிபெயர்ப்பு வேலையை அவர் விடவில்லை. 1884இல் மறைந்த அவரது கல்லறைக் கல்லில், அவர் விரும்பியவாறே, தமிழருக்கு மருத்துவப் பணியாற்றிய நற்செய்தியாளர் என்று பொறித்திருக்கிறார்கள். அவர் குடும்பத்தின் பண்ணை நிலம் இன்று நகரத்தின் பொதுப் பூங்காவாக விளங்குகிறது. அங்கு நடைபயிலும் பலருக்கு மானிப்பாய் என்ற பெயரே தெரியாது.

பலகை வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் தமிழ். தமிழ் எழுத்துகளுக்குத் தனி அச்சு செய்ய வேண்டியிருப்பதால் பலகைக்கும் தூணுக்கும் 5,400 டொலர் ஆகிறது. அடித்தளத்திற்கும் நிறுவுவதற்கும் 1,400, பிற்காலப் பராமரிப்புக்கு 700, ஆக மொத்தம் 7,500 டொலர். கையில் இருப்பது 4,650. நிலத்தை அதன் உரிமையாளர் மனமுவந்து இலவசமாகத் தந்திருக்கிறார்.

இதுவரை தந்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மானிப்பாயில் அவர் பெயரால் விளங்கும் கிறீன் வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்று இப்போது தொரொன்றோவில் மகளுடன் வாழும் அம்மையார் ஒருவர், தம் முதியோர் உதவிப் பணத்தில் மிச்சம் பிடித்து 300 டொலர் அனுப்பினார். உறைக்குள், “நான் பிறந்ததும் அங்கேதான்” என்று ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சிற்றுண்டி விற்றுச் சேர்த்த 212 டொலரைச் சில்லறையும் தாளுமாகக் கொண்டுவந்து தந்தார்கள். மானிப்பாயில் இருந்தே, தம்மால் இயன்றதை உறவினர் மூலம் அனுப்பிய குடும்பங்களும் உண்டு. இவர்கள் அனைவரையும் மானிப்பாய் மருதடிப் பிள்ளையாரும் கர்த்தரும் காக்கட்டும்.

பெயர் எழுதித் தந்துவிட்டு இன்னும் பணம் அனுப்பாத 11 குடும்பங்களுக்கு உரிமையுடன் நினைவூட்டுகிறோம். மண்டப விழாக்களுக்கும் பூமாலைகளுக்கும் நாம் ஓரிரவில் செலவழிப்பதை எண்ணிப் பார்த்தால், 2,850 டொலர் நமக்குப் பெரிய தொகை அன்று. நம் பாட்டன் பாட்டியரின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் மருந்து தந்தவருக்கு இவ்வளவும் செய்யாவிடில், பிள்ளைகளிடம் நன்றி பற்றிப் பேச நமக்கு வாய் இல்லை.

காசோலைகளைக் குழுவின் பொருளாளரிடம் ஆகஸ்ட் 15க்கு முன் சேர்ப்பித்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். தொகை சிறிதென்று தயங்க வேண்டாம். நன்கொடையாளர் பெயர்கள் பலகையில் இடம்பெறா. வரவுசெலவுக் கணக்கு திறப்பு விழா அன்று அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
பலகை நிறுவும் குழுவினர்