பிள்ளைகளுக்குச் சாப்பிட நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மதியம் பிள்ளைகளோடு வராந்தாவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அதனால் யார் டப்பாவில் என்ன வருகிறது, எது காலியாகிறது, எது பாதியோடு மூடித் திரும்பிப் போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் அம்மாக்கள் சொல்லும் முதல் குறை இதுதான்: "வீட்டுச் சாப்பாடே இறங்க மாட்டேங்குது மிஸ். நூடுல்ஸ், பிரெட் வச்சாத்தான் டப்பா காலியா வருது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன். வீட்டுச் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. அதைச் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தைத்தான் நாம் அவர்களுக்கு விடுவதில்லை.

கால அட்டவணையில் மதிய இடைவேளை 40 நிமிடம் என்று இருக்கும். மணி அடித்ததும் குழாயடியில் வரிசை நிற்கும். இருக்கிற சில குழாய்களில் ஒன்று எப்போதும் ரிப்பேர். கழிப்பறைக்குப் போய்விட்டு வர வேண்டும். நாலு பக்கமும் கிளிப் வைத்த டப்பாவைத் திறக்கத் தெரியாமல் பாதிப் பேர் என்னிடம் ஓடி வருவார்கள். எல்லாரும் உட்கார்ந்து முதல் கவளம் எடுக்கும்போது கால் மணி நேரம் போயிருக்கும். மைதானத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் வேறு கேட்கும். எட்டு வயசுப் பிள்ளை சாதத்தைப் பிசைந்து, காயைத் தொட்டு, மென்று விழுங்கி முடிக்க அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரம் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு, "நோட்ஸ் எழுதி முடிக்காதவங்க முடிச்சிட்டுப் போய்ச் சாப்பிடுங்க" என்கிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. எழுதுகிற வேகம் குறைந்த பிள்ளைக்குச் சாப்பிடுகிற நேரமும் குறைகிறது.

என் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். ஒருநாள் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் போட்டுக் கிளறிய சாதம், மேலே கொஞ்சம் நெய் விட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளை சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீரையில் தப்பி வந்த இணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடியின் ஓரத்தில் அடுக்கினாள். சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொண்டாள். ஒரு உருண்டை வாய்க்கு, ஒரு பேச்சு பக்கத்துப் பிள்ளைக்கு. ரசித்துத்தான் சாப்பிட்டாள். பாதி முடிந்திருக்கும், மணி அடித்துவிட்டது. விரலை நக்கிக்கொண்டே மூடியைப் போட்டாள். சாயங்காலம் அந்த டப்பாவைத் திறந்த அம்மா என்ன நினைத்திருப்பார்? "கீரை பிடிக்கலை போல" என்றுதானே? அப்படியேதான் நினைத்திருக்கிறார். மறுநாளிலிருந்து பிரெட்டும் ஜாமும் வந்தன. கூட்டத்தில் பார்த்தபோது, "கீரையை நிறுத்தாதீங்க, அளவை மட்டும் குறைங்க" என்று சொன்னேன். இப்போது சின்ன டப்பாவில் கீரை சாதம் வருகிறது, இணுக்கு தவிர எல்லாம் காலியாகிறது.

ஒரு வீட்டில் கீரை நின்றுபோவது இப்படித்தான். பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை, மிச்சத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறோம். அம்மாக்களைக் குறை சொல்லவில்லை. விடியும் முன்னே எழுந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு, கொடுத்துவிட்டது திரும்பி வந்தால் மனசு விட்டுப்போகும். காலியாகிற பொருளை வைக்கலாம் என்றுதான் தோன்றும். பிரெட்டும் நூடுல்சும் மெல்லாமலே இறங்குகிற சாப்பாடு. அவசரத்துக்கு அவைதான் ஜெயிக்கும். நாக்குக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

இதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த திட்டம் இது. பக்கத்து ஊரில் ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கும் என் தங்கையைப் பார்க்க ஒருநாள் காலையில் போயிருந்தேன். அன்றைக்கு ரவை உப்புமாவும் காய்கறி சாம்பாரும். உப்புமா என்றால் வீட்டில் முகத்தைச் சுளிக்கிற வயசுதான் அந்தப் பிள்ளைகளுக்கும். ஆனால் வரிசையாக உட்கார்ந்து, சாம்பாரில் கிடந்த கேரட்டையும் பீன்சையும் சேர்த்தே சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். சூடாக இருந்தது. எல்லார் தட்டிலும் ஒரே சாப்பாடு. சமைத்துப் போடுவது சுய உதவிக் குழுப் பெண்கள், அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ தங்கம்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. முக்கியமாக, யாரும் அவசரப்படுத்தவில்லை. டப்பா கொண்டுவருகிற பள்ளிகளில் இந்த நாலும் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

இதில் அக்கறைப்பட வேண்டிய காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தான் வளர்ந்து என் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். பதினொரு மணிக்கே தலையை மேஜையில் சாய்க்கிற பிள்ளையை, சோம்பேறி என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிடக் கூடாது.

பள்ளி வாசல் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. வாசலில் தொங்குகிற ஐந்து ரூபாய் பாக்கெட் சரங்களைப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. கடைக்காரர்களை விரட்டச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கடலைமிட்டாய், எள்ளுருண்டை, அவித்த கடலை, கொய்யாப்பழம் என்று அதே ஐந்து பத்து ரூபாய்க்கு விற்க எவ்வளவோ இருக்கிறது. அதையும் விற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பாக்கெட்டுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது.

அடுத்து வீடு. பிள்ளை ஸ்கூல் விட்டு வருகிற சாயங்கால நேரத்தைப் பெற்றோர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மதியம் அரைகுறையாகச் சாப்பிட்ட பிள்ளை அகோரப் பசியோடு வரும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிறது எதுவோ அதுதான் உள்ளே போகும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் டீயும் பிஸ்கட்டும்தான் கைக்கு எட்டுகின்றன. டீயில் உள்ள பொருள்கள் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். வளர்கிற பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். பாசிப்பயறோ தட்டைப்பயறோ காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் குக்கரில் இரண்டு விசில். தேங்காய் துருவிப்போட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் போதும். எலுமிச்சையின் புளிப்பு பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். கரிசல் காட்டில் விளைகிற கம்பும் உளுந்தும் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. பெண்பிள்ளைகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிற பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு அதை ஆண்பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அவர்களுக்கு மட்டும் எலும்பு இல்லையா?

மதிய டப்பாவுக்கும் சில சங்கதிகள் உண்டு. காலையில் கட்டுகிற தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். சாதத்தைக் குழையவிட்டு, பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்தில் பதமாக இருக்கும். தோசை ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், சின்னப் பல்லுக்கு இழுபடாது. பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, முருங்கைக்கீரை போட்ட அடை இவை ஆறினாலும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பருப்பு சாதத்தை வீட்டில் சாப்பிடுவதைவிடத் தளர்வாகப் பிசைந்து வையுங்கள். ஆறும்போது இறுகிவிடும். அப்புறம், பிள்ளையே திறந்து மூடுகிற டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் பிள்ளை கையிலேயே கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கீரை உருவுவது, பட்டாணி உரிப்பது, கடலை உடைப்பது இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் விடுங்கள். கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், பரவாயில்லை. "நான் உரிச்ச பட்டாணி மிஸ்" என்று டப்பாவைக் காட்டுகிற பிள்ளை அதை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. அப்பாக்களும் இதில் வரவேண்டும். காலையில் அடுப்பு ஒருவர் கையில் என்றால் டப்பா கட்டுவது இன்னொருவர் கையில் இருக்கலாமே.

கல்வித் துறையிடமும் தனியார் பள்ளி நிர்வாகங்களிடமும் என் வேண்டுகோள்: ஐந்தாம் வகுப்பு வரை மதிய இடைவேளையை முழுதாக ஒரு மணி நேரம் ஆக்குங்கள். சின்ன வகுப்புகளுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே மணி அடியுங்கள், குழாயடியில் கூட்டம் குறையும். கூடுதலாக நாலு குழாய் போடுவது பெரிய செலவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எழுதவைப்பதையும் நிற்கவைப்பதையும் அடியோடு நிறுத்துங்கள். வகுப்பு ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நடைமுறையாக்குங்கள். வெளியே 50 மீட்டர் விதியை யார் பார்த்துக்கொள்வது என்று உள்ளாட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் பேசி முடிவு செய்யட்டும்.

பெற்றோர்களிடம் கேட்பது ஒன்றுதான். டப்பா மிச்சத்தோடு திரும்பி வந்தால், "ஏன், பிடிக்கலையா?" என்று கேட்காதீர்கள். "மணி அடிச்சிட்டாங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று பிள்ளை சொன்னால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னால், என் பிள்ளைக்குச் சாப்பிட எத்தனை நிமிடம் கொடுக்கிறீர்கள் என்று எங்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கோவில்பட்டி.