பாலத்தில் பன்னிரண்டு மணி

மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது, பதில் போடாதது என் பிழைதான். தங்கச்சி அனுப்பிய லென்ஸ் வந்து சேர்ந்தது, இப்போது என் வலது கண்ணிலேயே குடியிருக்கிறது என்று அவளிடம் சொல். ஒரு மணிக்கூட்டைப் பற்றிய இந்த விஷயத்தைப் போனிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் புகுந்து உன் கதையைத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை வாசி.

போன மாதம் நம்மட கணக்கு டீச்சர் என் மணிக்கூட்டுக் கடைக்கு வந்தார். அவரேதான், உன் காதைப் பிடித்துப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தவர். எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. லேஞ்சியை அவிழ்த்து ஒரு மணிக்கூட்டைக் கண்ணாடிப்பெட்டி மேல் வைத்தார். சாவி கொடுக்கிற லேடீஸ் மணிக்கூடு, உள்ளே அச்சுகள் தேயாமல் சுற்ற 17 கல்லு, என் கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. கலியாணத்துக்கு அவருடைய மனுசன், மாஸ்டர், வாங்கிக் கொடுத்ததாம். கொழும்பில் ஒரு பெரிய கடையில் காட்டியிருக்கிறார். உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு பற்றரி மெஷின் போடலாம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றார்களாம்.

"தம்பி, அவர் வாங்கித் தந்தது வெளியை மட்டும் இல்லையே" என்றார் டீச்சர்.

அன்றிரவு அதைத் திறந்தேன். பேலன்ஸ் சில்லு, அங்கும் இங்கும் ஆடி நேரத்தை அளக்கிற சில்லு, ஒரு பயறு அளவு. சாமணத்தால் தூக்கிப் பிடித்தால் அதை ஆட்டுகிற மெல்லிய சுருள் வில்லு, ஹெயார் ஸ்பிரிங், அதிலேயே தொங்கி மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கியது. சில்லின் அச்சு முனை ஒடிந்திருந்தது, தலைமயிர் அளவு முனை. அந்தச் சின்ன அச்சுக்காகப் போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான், மச்சான், நான் சொல்ல வந்த மணிக்கூடு கண்ணில் பட்டது.

பாரிஸ் நகைக்காரர் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் செய்தது. அவர்களுடைய கதையே ஒரு கலியாணத்தில்தான் தொடங்குகிறது: 1895-இல் அல்ஃபிரட் வான் கிளீஃப், எஸ்தெல் ஆர்பெல்ஸை முடித்தார், 1906-இல் கடை திறந்தார்கள். மணிக்கூடு வந்தது 2010-இல். பெயர் 'காதலர் பாலம்'. முகத்தில் வழக்கமான முள் இல்லை. ஒரு பாலம். ஒரு பக்கம் குடை பிடித்த பெண், அவள்தான் மணி. மற்றப் பக்கம் முதுகுக்குப் பின்னால் ரோசாவை மறைத்து வைத்திருக்கிற ஆண், அவன்தான் நிமிடம். அவன் தன் பாதிப் பாலத்தை 60 நிமிடத்தில் ஏறி முடிப்பான், முடித்ததும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவான். அவளுக்கு அந்தப் பாதித் தூரம் 12 மணித்தியாலம். பகல் பன்னிரண்டுக்கும் நடுச்சாமம் பன்னிரண்டுக்கும் பாலத்தின் நடுவில் சந்தித்து முத்தமிடுவார்கள். ஒரு நாளைக்கு 24 தரம் ஏறுகிறான், 2 தரம்தான் அவளைக் காண்கிறான்!

நான் மூன்று நாள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. முள்ளு திரும்பி ஓடுகிற வேலை எனக்குத் தெரியும். நத்தை ஓடு மாதிரி ஒரு சில்லு, அதன் விளிம்பில் ஒரு கை ஊர்ந்து ஏறும், உச்சியில் படி போல ஒரு வெட்டு. கை அந்த வெட்டில் விழுந்ததும் சின்ன வில்லு ஒன்று அதைத் தொடக்கத்துக்கே இழுத்துவிடும். ஆனால் அதைக் கொண்டு ஒருத்தனை நடக்க வைக்கலாம், ஏமாந்து திரும்ப வைக்கலாம் என்று நினைக்க ஒரு மனம் வேண்டும். அந்த மெஷினைச் செய்தவர் ஜோன்-மார்க் வீடர்ரெக்ட், பட்டறை ஜெனீவாவில். முகமும் லேசுப்பட்டதல்ல. கரிய எனாமலின் மேல் வெள்ளையைப் படை படையாகத் தடவி ஒவ்வொரு தரமும் சூளையில் சுடுகிறார்கள். ஒரு சூட்டில் வெடித்தால் முழுத் தட்டும் போச்சு.

பிறகு வந்த ஒன்றில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் நினைத்த நேரம் சந்திப்பார்களாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. காத்திருக்காமல் கிடைக்கிற முத்தத்துக்கு எதற்குப் பாலம்?

எனக்கு உள்ள கோபம் வேறு. கையில் கட்டுகிற மணிக்கூடு முதலில் பெண்களுடையதுதான். நேப்பிள்ஸ் ராணி கரோலின் மியூராவுக்கு பிரெகே 1812-இல் செய்து கொடுத்தார். முதலாம் உலகப் போர் வரை ஆம்பிளைகளுக்குச் சட்டைப்பை மணிக்கூடுதான் மரியாதை. 1969-இல் பற்றரியில் ஓடுகிற குவார்ட்ஸ் மணிக்கூடு வந்த பிறகு என்ன நடந்தது? ஆம்பிளைக்கு மெஷின், பெண்ணுக்கு மேலே கல்லு, உள்ளே பற்றரி. அவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதில் அக்கறை இல்லை என்று யார் முடிவெடுத்தது? டீச்சரிடம் வந்து கேட்கட்டும்.

இனி உனக்கே தெரிந்த கதை. நம் கல்லடிப் பாலம், 1924-இல் கட்டிய பழைய பாலம். ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும் வரை மற்றப் பக்கம் காத்து நிற்க வேண்டும். நான் நகரப் பக்கம், என் மனுசி கல்லடிப் பக்கம், நீ நடுவில் சைக்கிள் செயின் கழன்றவன் மாதிரிக் குந்தியிருப்பாய். அந்த ஆறு மாதத்தில் உன் செயின் எத்தனை தரம் கழன்றது, மச்சான்! அவள் குடை பிடித்துத்தான் வருவாள். காதலர் பாலம் மணிக்கூட்டின் வீடியோவை அவளுக்குக் காட்டினேன். கன நேரம் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு மெதுவாகவா வந்தேன்?" என்று கேட்டாள். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு இப்போது அவள் நடை உண்மையிலேயே மெதுவாகிவிட்டது. புதுப்பாலம் வந்த பிறகு பழையதில் வாகனத் தொல்லை இல்லை. பின்னேரத்தில் நான் முன்னே போய் நின்று, அவள் வந்து சேரும் வரை வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சரி, உன்னிடம் கேட்பது இதுதான். பேர்னில் இருந்து ஜெனீவாவுக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ, நல்ல சேட்டுப் போடு. அங்கே வான் கிளீஃப் கடையில் கேட்டு, அந்த மணிக்கூட்டைப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் திருப்பி வைத்துக் காட்டச் சொல். முத்தம் முடிந்ததும் அவன் வெடுக்கென்று பாய்ந்து திரும்புகிறானா, வழுக்கிக்கொண்டு போகிறானா என்று பார். வீடியோவில் வெட்டிவிட்டார்கள். காதைக் கிட்ட வைத்து, அந்த நேரம் சத்தம் கேட்கிறதா என்றும் கவனி.

டீச்சருடைய அச்சின் அளவைத் தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். அங்கே பழைய சாமான் கடைகளில் கிடைத்தால் இரண்டாக வாங்கு, ஒன்று ஒடிந்தால் மற்றது உதவும். அவர் ஒவ்வொரு வெள்ளியும் வந்து "ஓடுதா தம்பி?" என்று கேட்கிறார்.

அன்புடன்,
உன் கண்ணாடிப்பெட்டிக்காரன்