ஐந்தாவது கேள்வி: பாதுகாப்புக்கான கூட்டு நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக்கான கூட்டு நிலைக்குழு உறுப்பினர்களுக்கு, டர்பனிலிருந்து ஒரு குடிமகனின் வணக்கம்.

நம் அரசமைப்பின் 6ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்களிடையே வழங்கும் மொழிகளைப் பேணச் சொல்லும் இடத்தில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த உரிமையில் இம்மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். நான் பேச வந்ததோ அதே அரசமைப்பின் 201ஆம் பிரிவைப் பற்றி. பன்னாட்டுக் கடமைக்காகப் படையை அனுப்பும் குடியரசுத் தலைவர், அனுப்பிய காரணம், இடம், ஆட்களின் எண்ணிக்கை, காலம் ஆகிய நான்கையும் நாடாளுமன்றத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. அனுப்பப்பட்டவர்கள் எதன் துணையோடு போரிடுவார்கள், காயம்பட்டால் எந்த விமானத்தில் ஏற்றப்படுவார்கள், நிலைமை கைமீறினால் எவ்வழியாகத் திரும்புவார்கள் என்ற ஐந்தாவது கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு உங்களுடையது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்டின் படைக்குப் பயிற்சி அளிக்க 2007இல் தொடங்கிய ஒரு சிறிய பணி, அங்குக் கலகம் முற்றிய நிலையில், 2013 ஜனவரியில் மேலும் 200 பேரை அனுப்பியதால் வேறொரு பணியாக மாறிவிட்டது. போனவர்கள் ப்ளூம்ஃபோன்டெய்னின் 1ஆம் பாராசூட் படைப்பிரிவினரும் ஃபாலபோர்வாவின் 5ஆம் சிறப்புப் படைப்பிரிவினரும். திறந்த வண்டிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் மோர்ட்டார்களும் அவர்களிடம் இருந்தன. கவச வாகனமோ தாக்குதல் ஹெலிகாப்டரோ இல்லை. மார்ச் 22 முதல் 24 வரை, தங்களைவிடப் பன்மடங்கு பெரிய செலேகா என்ற கலகக்காரர் கூட்டணியின் படையை எதிர்த்து அவர்கள் போரிட்டார்கள். 13 பேர் மாண்டதாகவும் 27 பேர் காயமுற்றதாகவும் அன்றைய குடியரசுத் தலைவர் சூமா அறிவித்தார். அந்நகரின் விமான நிலையம் பிரெஞ்சுப் படையினரின் காவலில் இருந்தது. அது மட்டும் கலகக்காரர்களின் கைக்குப் போயிருந்தால் எஞ்சியவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

நம் வீரர்களால் இயலாது என்று எவரும் சொல்ல முடியாது. பாங்கிச் சண்டை முடிந்த சில நாள்களில், மார்ச் 28 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2098ஆம் தீர்மானம் கிழக்குக் காங்கோவுக்கென ஒரு தலையீட்டுப் படையணியை உருவாக்கியது. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளின் வீரர்கள் அதில் சேர்ந்தார்கள். அங்குப் பீரங்கிப் படை உடனிருந்தது, ஐ.நா.வின் விமானங்களும் மருத்துவமனைகளும் இருந்தன. மூன்று ரூய்வால்க் தாக்குதல் ஹெலிகாப்டர்களும் நம் நாட்டிலிருந்து போயின. 1990இல் முதன்முதலாகப் பறந்த ரூய்வால்க், 23 ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பர் 4ஆம் நாள் சான்சு குன்றில் இருந்த, எம்23 என்ற காங்கோ கலகக் குழுவின் நிலைகளைத் தாக்கித் தன் முதல் போரைக் கண்டது. மறுநாளே எம்23 தன் கலகத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. காங்கோ அரசுப் படையின் பெருமுயற்சியும் அன்றைய அரசியல் நெருக்கடியும் இதற்குக் காரணங்கள்தாம் என்றாலும், மேலிருந்து வரும் துணை ஒரு காலாட்படைக்கு என்ன செய்யும் என்பதை நம் படையினர் அன்று தம் கண்ணால் கண்டார்கள்.

அதனால்தான் 2025 ஜனவரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகள் சேர்ந்த வளர்ச்சிச் சமூகத்தின் (எஸ்.ஏ.டி.சி.) படைப்பணி 2023 டிசம்பர் 15 அன்று காங்கோவில் தொடங்கியது. 2,900 பேர், ஓராண்டு, 200 கோடி ராண்டுக்குச் சற்றே மேலான செலவு என்று 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கையும் காலமும் செலவும் அதில் இருந்தன. அதே மாதம் 14ஆம் நாள் முகாமில் விழுந்த மோர்ட்டார் குண்டுக்கு நம்மவர் இருவர் பலியானார்கள். அப்போதே எச்சரிக்கை கிடைத்துவிட்டது. ஆயினும் அடுத்த ஜனவரியில், ருவாண்டாவின் ஆதரவோடு மீண்டும் வலுப்பெற்ற எம்23 கிழக்குக் காங்கோவின் சாக்கே, கோமா நகரங்களை நெருங்கியபோது, 2013இல் போரின் போக்கை மாற்ற உதவிய ஹெலிகாப்டர்களில் ஒன்றுகூட அங்கு இல்லை. கோமா ஜனவரி 27 அன்று வீழ்ந்தது. விமான நிலையமும் அதனுடன் போயிற்று. நம் வீரர்கள் 14 பேர் உயிரிழந்தார்கள். அவர்களின் உடல்கள் சாலை வழியாக உகாண்டா சென்று, அங்கிருந்து விமானத்தில் நம் வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி நடுவில்தான். உயிரோடு இருந்தவர்கள் எதிரி சூழ்ந்த முகாம்களுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருந்து, மார்ச் 13 அன்று பணி முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு, ஏப்ரல் இறுதியிலிருந்து ருவாண்டா வழியாகவே தான்சானியாவுக்கு வெளியேற வேண்டியதாயிற்று. யாருடைய ஆதரவு பெற்ற படை அவர்களைத் தாக்கியதோ அவர்களுடைய மண்ணைக் கடந்து வீடு திரும்புவது ஒரு போர்வீரனுக்கு எத்தகைய வேதனை என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. நம் படை மோசமான சரிவில் இருக்கிறது என்று அமைச்சரவை 2014இல் ஏற்ற பாதுகாப்பு மறுஆய்வே வெளிப்படையாகச் சொன்னது. படையினரையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் நம் சி-130 விமானங்களில் முதலாவது 1963இல் வந்தது. 2020 ஜனவரியில் அதே கோமாவில் ஒரு சி-130 தரையிறங்கும்போது தீப்பற்றிச் சேதமடைந்தது. 26 கிரிபென் போர் விமானங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் 2021 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் தரையில் கிடந்தன. 1970களின் ராட்டெல் கவச வாகனத்துக்கு மாற்றாக 2007இல் அரசின் ஆயுதத் தயாரிப்பு நிறுவனமான டெனெலுடன் ஒப்பந்தம் செய்யப்பட்ட பேட்ஜர் கவச வாகனம், பல ஆண்டுகள் கழிந்தும் படைக்கு வந்து சேரவில்லை. கண்ணிவெடியைத் தாங்கும் வி-வடிவ அடிப்பாகத்தைக் காஸ்பிர் வண்டியில் உலகுக்குக் காட்டிய நாடு இது. ஈராக்கில் அமெரிக்க வீரர்களைக் காத்த வண்டிகளுள் சிலவும் நம் வடிவமைப்பே. அத்தகைய நாட்டின் வீரர் உதிரிப்பாகத்துக்குக் காத்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சிறப்புப் படையினரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடினமான தேர்வைத் தாண்டி வரும் மிகச் சிலரே ஃபாலபோர்வாவிலும் லாங்கபானிலும் உள்ள சிறப்புப் படைத் தளங்களில் பணிபுரிகிறார்கள். சிறு குழுவாக ஓசையின்றிப் போய், வேலையை முடித்து, விரைந்து திரும்புவதே அவர்களின் போர்முறை. அவர்களை ஏற்றிச் செல்லவும் மீட்டு வரவும் ஹெலிகாப்டர் இல்லையென்றால், பல ஆண்டுப் பயிற்சி பெற்ற அவ்வீரர்கள் அகழியில் நிற்கும் சாதாரணக் காலாட்படையாகிவிடுவார்கள். 2021 ஜூலையில் கிளர்ச்சி நடந்த மொசாம்பிக்கின் காபோ டெல்காடோ மாகாணத்துக்கும் நம் படையிலிருந்து முதலில் போனவர்கள் அவர்களே. எங்கு நெருக்கடி வந்தாலும் முதலில் அவர்களை அனுப்பும் வழக்கம் அரசுக்கு எளிது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் அவர்களே.

அண்டை நாட்டு மக்கள் கொல்லப்படும்போது நாம் கைகட்டி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.7 விழுக்காடு மட்டுமே படைக்கு ஒதுக்கப்படுவதையும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டும் என்பதையும் அறிவேன். ஒதுக்கீட்டை உயர்த்துவதா, பணிகளைக் குறைப்பதா என்பதில் நேர்மையான இரு கருத்துகள் இருக்கலாம். ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொண்டே பணிகளை மட்டும் கூட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

படையின் ஆயத்த நிலையையும் மனவுறுதியையும் ஆராய்ந்து பரிந்துரைப்பது உங்கள் குழுவுக்குரிய பணி. ஆகவே அடுத்த முறை குடியரசுத் தலைவரின் கடிதம் உங்கள் மேசைக்கு வரும்போது, புறப்படும் நாளில் பறக்கும் நிலையில் உள்ள ஹெலிகாப்டர்கள் எத்தனை, அவற்றுள் வீரர்களோடு போகிறவை எத்தனை, காயமுற்றவரை அறுவை மருத்துவரிடம் சேர்க்க எத்தனை மணி நேரம் ஆகும், விமான நிலையம் மூடப்பட்டால் மாற்று வழி எது என்பவற்றுக்குப் படைத் தலைமையிடமிருந்து எழுத்தில் விடை பெறுங்கள். இரகசியமாக இருக்க வேண்டியவற்றை மூடிய அறையில் கேளுங்கள்; விடை நிறைவளிக்கவில்லை என்றால், அதை மட்டுமாவது திறந்த அவையில் பதிவு செய்யுங்கள். பாங்கிக்கும் கோமாவுக்கும் இத்தகைய விடைகள் முன்கூட்டியே பெறப்பட்டிருந்தால் அவற்றை மாண்டவர்களின் குடும்பத்தாரிடம் காட்டுங்கள். பெறப்படவில்லை என்றால் அதையும் அவர்களிடம் நேரில் சொல்லுங்கள்.

மதிப்புடன்,
டர்பன் வாழ் குடிமகன் ஒருவன்