பழைய மோடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராட்பேண்ட் பரவினால் பயணமும் காகிதமும் குறையும், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உண்மைதான். ஆனால் 31 ஆண்டுகள் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த எனக்கு, அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செம்புக் கம்பி காலத்தில் எங்களுக்கு ஓர் அறை முழுக்க பேட்டரிதான். 48 வோல்ட்டுக்கு 24 செல்கள், ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். கதவைத் திறந்தாலே அமில நெடி மூக்கில் ஏறும். பக்கத்து அறையில் இரவு பகலாக ஏசி ஓடும். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர்.

அப்புறம் ஃபைபர் வந்தது. கண்ணாடி இழையில் ஒளி 20 கிலோமீட்டர் வரை போகிறது. நடுவில் ஒரு சிறிய ஸ்பிளிட்டர் அதை 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. முதன்முதலில் அந்தப் பெட்டியைத் திறந்தபோது பவர் ஒயர் எங்கே என்று தேடினேன். ஒயரே கிடையாது! பிரித்துக் கொடுப்பதற்கு மின்சாரமே வேண்டாம். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

வழியில் இவ்வளவு மிச்சம் பிடித்துவிட்டு வீட்டுக்குள் கோட்டை விடுகிறோம். என் வீட்டு மோடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 11 வாட். எல்லோரும் தூங்கும்போதும் அதே 11 வாட்தான். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 96 யூனிட். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் தானாகவே அடங்கிக் கிடக்கும்படி இதை வடிவமைக்கலாமே.

அதைவிட வருத்தம், கழற்றிப் போடும் பெட்டிகள். இணைப்பை மாற்றியபோது வந்த தம்பியிடம் பழைய மோடத்தை நீட்டினேன். "இதை நாங்க எடுக்கிறதில்ல சார், நீங்களே வச்சுக்குங்க" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இப்போது என் பரணில் மூன்று மோடம், ஐந்து அடாப்டர். ஒரு மோடத்தின் அடாப்டர் முனை இன்னொரு மோடத்தில் நுழையாது. மூன்றுமே இன்னும் வேலை செய்கின்றன.

2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

புது இணைப்பு கொடுக்க வீடு தேடி வரும் நிறுவனம், அதே கையோடு பழைய பெட்டியையும் வாங்கிப் போகட்டும். துடைத்து, சோதித்து, இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கட்டும். கைபேசிகளுக்கு ஒரே மாதிரி சார்ஜர் வந்துவிட்டது, மோடத்துக்கும் அப்படி ஒரே அடாப்டர் வரட்டும். மண்ணுக்கடியில் சும்மா கிடக்கும் செம்புக் கேபிளையும் வெளியே எடுத்து உருக்கினால், அந்த அளவுக்குப் புதிதாகச் சுரங்கம் தோண்ட வேண்டாம்.

என்னிடம் உள்ள மூன்றையும் அதனதன் அடாப்டரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் ஊழியர்